ஸ்கொன்டோ கால்பந்துக் கழகம், ரீகா

ஸ்கொன்டோ என்பது லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் 1991 முதல் 2016 வரை இயங்கிய தொழில்முறைக் கால்பந்துக் கழகம். நாட்டின் உயர்நிலைத் தொடரான விர்ஸ்லீகாவில் 1991 முதல் 2004 வரை ஒரு முறைகூடத் தவறாமல் 14 பட்டங்களை வென்றது. 2010இல் மீண்டும் ஒரு பட்டம் சேர, மொத்தம் 15 ஆயிற்று. லாத்வியக் கோப்பையை 8 முறை கைப்பற்றியது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய வாகையர் போட்டியில் ஆடிய லாத்விய தேசிய அணியின் முதுகெலும்பு இந்தக் கழகத்தில் வளர்ந்தவர்களால் ஆனது. கடன் சுமையால் 2016இல் உயர்நிலைத் தொடருக்கான உரிமத்தை இழந்த கழகம், அதே ஆண்டின் இறுதியில் திவாலானது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு லாத்வியாவுக்குத் தனக்கெனத் தேசிய லீக் இருந்தது. ரீகா கால்பந்துக் கழகமும் லியெபாயா நகரின் ஒலிம்பியாவும் அதன் முன்னணி அணிகள். சோவியத் ஒன்றியம் நாட்டை இணைத்துக்கொண்ட பின் அந்த அமைப்பு கலைந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் சோவியத் தொடர்களில் லாத்வியாவின் முகமாக இருந்தது ரீகாவின் டவ்கவா அணி. 1960களின் தொடக்கத்தில் அது உயர்பிரிவில் ஆடியது. பிறகு பெரும்பாலும் கீழ்ப்பிரிவுகளில்தான் காலம் தள்ளியது. 1980களின் நடுவில் மீண்டும் மேலேறும் வாய்ப்பு மிக அருகில் வந்தும் கைகூடவில்லை. அந்த டவ்கவாவின் புகழ்பெற்ற கோலடி வீரர் அலெக்சாந்தர்ஸ் ஸ்தார்கோவ்ஸ். பின்னாளில் ஸ்கொன்டோவின் வரலாற்றை எழுதியதில் பெரும்பங்கு அவருடையது.

1990 மே 4 அன்று லாத்வியா விடுதலையை மீட்டெடுப்பதாக அறிவித்தது. 1991 செப்டம்பரில் மாஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட நிலையற்ற மாதங்களில்தான் கழகம் பிறந்தது. அரசுத் தொழிற்சாலைகளும் தொழிற்சங்கங்களும் விளையாட்டு அணிகளைத் தாங்கிவந்த பழைய ஏற்பாடு சரிந்துகொண்டிருந்தது. தனியார் முதலீடு தலைதூக்கத் தொடங்கியிருந்தது. தொழிலதிபர் குந்திஸ் இண்ட்ரிக்சொன்ஸ் தம் ஸ்கொன்டோ வணிகக் குழுமத்தின் பெயரிலேயே ஓர் அணியைக் கட்டினார். முதல் பருவத்தில் ‘ஃபோரம்ஸ்-ஸ்கொன்டோ’ என்ற பெயரில் களமிறங்கிய அணி, அந்த ஆண்டே பட்டத்தை வென்றது. நாடு முழு விடுதலை பெறும் முன்பே தொடங்கிய அந்தத் தொடர்தான் 14 பட்டங்களின் முதல் படி.

பதினான்கு பட்டங்கள்

இரண்டாவது ஆண்டிலேயே வெற்றித் தொடர் அறுந்துபோகப் பார்த்தது. 1992இல் யெல்காவா நகரின் ராஃப் அணியும் ஸ்கொன்டோவும் சம புள்ளிகளில் நின்றன. பட்டத்தைத் தீர்மானிக்க நடந்த தனி ஆட்டத்தில் ஸ்கொன்டோ வென்றது. அதே ஆண்டு லாத்வியக் கோப்பையும் அதற்கே கிடைத்தது.

1993இல் ஸ்தார்கோவ்ஸ் பயிற்றுநர் பொறுப்பேற்றார். 2004 வரை, சோவியத்துக்குப் பிந்தைய கால்பந்தில் அரிதாகக் காணப்படும் நீண்ட காலம், அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1990களில் கிழக்கு ஐரோப்பியக் கழகங்கள் பல ஆண்டுக்கொரு பயிற்றுநரை மாற்றிக்கொண்டிருக்க, ஸ்கொன்டோவில் ஒரே ஆட்டமுறையும் ஒரே ஒழுங்கும் ஆண்டாண்டாகத் தொடர்ந்தன. 1995, 1997, 1998, 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டத்தோடு கோப்பையும் சேர்ந்து வந்தது.

இந்த ஆதிக்கத்துக்கு ஆட்டத்திறன் மட்டுமே காரணமன்று. நாட்டின் மக்கள்தொகை அப்போது 25 லட்சத்தை ஒட்டியிருந்தது; ஐஸ் ஹாக்கிக்குத்தான் மக்களிடையே செல்வாக்கு அதிகம். தொழில்முறை வீரர்களுக்குச் சம்பளம் தரக்கூடிய கழகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. எனவே நாட்டின் திறமையான இளைஞர் எவரும் இறுதியில் வந்து சேருமிடம் ஸ்கொன்டோ என்றாயிற்று. 1990களின் இறுதியில் விர்ஸ்லீகா எட்டு அணிகள் கொண்ட தொடராக இருந்தது. ஒவ்வோர் அணியும் மற்றதை நான்கு முறை சந்தித்து, மொத்தம் 28 ஆட்டங்கள் ஆடியது. வலிமையான ஓர் அணி இடையில் ஓரிரு ஆட்டங்களில் சறுக்கினாலும் மீண்டெழ அந்த அமைப்பில் போதிய இடமிருந்தது.

இன்னொரு வசதி கூரை வேய்ந்த ஆடுகளம். பால்டிக் கடலோரக் குளிரில் வெளியே பயிற்சி செய்வது இயலாத காரியம் என்பதால் லாத்வியாவில் லீக், வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். ஸ்கொன்டோ அரங்கின் உள்ளே பனிக்காலத்திலும் அணி பந்தோடு பழகியது. 2003 மே மாதம் யூரோவிஷன் பாடல் போட்டி நடந்த அரங்கும் அதுவே. அந்த அரங்கின் அருகே 2000இல் திறக்கப்பட்ட ஸ்கொன்டோ மைதானம் கழகத்துக்கும் தேசிய அணிக்கும் சொந்தக் களமாயிற்று.

1996இல் இண்ட்ரிக்சொன்ஸ் லாத்வியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 2018 வரை அப்பதவியில் நீடித்தார். நாட்டின் முதன்மைக் கழகத்தை உருவாக்கியவரே நாட்டுக் கால்பந்து முழுவதையும் நிர்வகிக்கும் நிலை இவ்வாறு உருவானது.

ஐரோப்பியக் களத்தில்

உள்நாட்டில் ஆண்டுதோறும் வென்ற அணிக்கு வெளியே கடும் சோதனைகள் காத்திருந்தன. 1992இல் முதன்முதலாக ஐரோப்பியப் போட்டியில் நுழைந்து, ஃபாரோ தீவுகளின் கிளாக்ஸ்விக் அணியை வீழ்த்திப் போலந்தின் லெக் போஸ்னான் அணியிடம் தோற்றது. 1993இல் ஸ்லொவேனியாவின் ஒலிம்பியாவைப் பெனால்டி உதைகளில் வென்றபின் மாஸ்கோ ஸ்பார்டக்கிடம் இரு ஆட்டங்களிலும் பெரிய வித்தியாசத்தில் வீழ்ந்தது. முந்தைய சோவியத் தொடரில் டவ்கவாவுக்கும் மாஸ்கோ அணிகளுக்கும் இருந்த இடைவெளி அரசியல் எல்லை மாறியதால் மட்டும் குறைந்துவிடவில்லை.

கழகத்தின் ஐரோப்பிய வெற்றிகளில் அதிகம் பேசப்படுவது 1994ஆம் ஆண்டு யூஇஎஃப்ஏ கோப்பையில் ஸ்காட்லாந்தின் அபெர்டீனை வெளியேற்றியது. ரீகாவில் கோலின்றி முடிந்த முதல் ஆட்டத்தைத் தொடர்ந்து, அபெர்டீனின் சொந்த மைதானத்தில் 1-1 எனச் சமன் செய்த ஸ்கொன்டோ, எதிரணி மைதானத்தில் அடித்த கோலின் பலத்தில் முன்னேறியது. 1983இல் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றை ஏந்திய அணி அபெர்டீன். அடுத்த சுற்றில் இத்தாலியின் நாப்போலி ஸ்கொன்டோவை நிறுத்தியது.

வாகையர் லீக்கின் தகுதிச் சுற்றுகளில் கழகம் பெரிய பெயர்களை நேரிட்டது. 1997இல் லூயி வான் கால் பயிற்றுவித்த பார்சலோனாவிடம் காம்ப் நோவில் 3-2 எனவும் ரீகாவில் 1-0 எனவும் தோற்றது. இரு ஆட்டங்களிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். 1998இல் இன்டர் மிலானிடம் 4-0, 3-1 என வீழ்ந்தது. 1999இல் லண்டனில் செல்சியிடம் 3-0 எனத் தோற்றாலும், ரீகாவில் கோலே விடாமல் 0-0 எனச் சமன் செய்தது. குழுச் சுற்றுக்கு ஸ்கொன்டோ ஒருபோதும் தகுதி பெறவில்லை. ஓர் ஐரோப்பியத் தொடரின் குழுச் சுற்றில் ஆடிய முதல் லாத்வியக் கழகம் என்ற பெயர் 2009இல் வென்ட்ஸ்பில்ஸுக்குப் போயிற்று.

வீரர்களை வளர்த்து விற்றல்

ஐரோப்பிய ஆட்டங்களின் தோல்விகளிலும் ஒரு பயன் இருந்தது: மேற்கின் தேர்வாளர்கள் லாத்விய வீரர்களை நேரில் கண்டார்கள். 1999 மார்ச்சில் தாக்குதல் வீரர் மாரியான்ஸ் பாகார்ஸ் ஏறத்தாழ 8 லட்சம் பவுண்டுக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குச் சென்றார். இரண்டே மாதங்களில், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எவர்டனுக்கு எதிராக இரு கோல்களையும் அவரே அடித்து, அந்த அணியை உயர்நிலைத் தொடரிலேயே நிலைநிறுத்தினார். அவருடைய வெற்றி மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தது. இமான்ட்ஸ் பிளெய்டெலிஸ் அதே சவுத்தாம்ப்டனில் சேர்ந்தார். 2000இல் தற்காப்பு வீரர் இகோர்ஸ் ஸ்டெபானோவ்ஸ் ஆர்சனலுக்கும், அந்த்ரெய்ஸ் ரூபின்ஸும் கோல்காப்பாளர் அலெக்சாந்தர்ஸ் கோலின்கோவும் கிறிஸ்டல் பேலஸுக்கும் போனார்கள். 2001இல் யூரிஸ் லைஸான்ஸ் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணிக்கு மாறினார். நடுக்கள வீரர் விதாலிஸ் அஸ்தாஃப்யெவ்ஸ் ஸ்கொன்டோவில் புகழ் பெற்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் ரோவர்ஸ் வரை சென்றார். தேசிய அணிக்காக 167 ஆட்டங்கள் ஆடி, ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே மிக அதிகம் என்ற சாதனையைத் தம் பெயரில் வைத்திருந்தார். தற்காப்பு வீரர் மிகாயில்ஸ் ஸெம்லின்ஸ்கிஸ் போன்றவர்கள் ரீகாவிலேயே நெடுங்காலம் இருந்து பட்டங்களைக் குவித்தார்கள்.

தேசிய அணியும் 2004உம்

2001 ஏப்ரலில் சான் மரினோவுடன் சமன் செய்த லாத்விய அணியின் பயிற்றுநர், இங்கிலாந்துக்காரரான கேரி ஜான்சன், பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஸ்தார்கோவ்ஸ் வந்தார். கழகத்தையும் தேசிய அணியையும் ஒருவரே நடத்த, ஸ்கொன்டோவில் பழகிய ஆட்டமுறை அப்படியே தேசிய அணிக்கும் கடந்தது. நெருக்கமான தற்காப்பும் பந்து கிடைத்தவுடன் வேகமான எதிர்த்தாக்குதலும் அதன் இரு கைகள். வெளிநாடுகளில் ஆடிய வீரர்களும் ஏற்கெனவே அவரிடம் பயின்றவர்களே என்பதால் சில நாள் பயிற்சியிலேயே அணி ஒருங்கிணைந்தது.

2004 ஐரோப்பிய வாகையர் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஸ்வீடன், போலந்து, ஹங்கேரி, சான் மரினோ ஆகியவை இருந்த குழுவில் லாத்வியா இரண்டாம் இடம் பிடித்தது. 2003 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் மாரிஸ் வெர்பகோவ்ஸ்கிஸ் அடித்த ஒரே கோலில் ஸ்வீடன் வீழ்ந்தது அதற்கு வழிவகுத்தது. அடுத்த மாதம், முந்தைய ஆண்டு உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றிருந்த துருக்கியுடன் இரு ஆட்டங்கள். ஸ்கொன்டோ மைதானத்தில் 1-0. இஸ்தான்புல்லில் 2-0 எனப் பின்தங்கியும் லைஸான்ஸ், வெர்பகோவ்ஸ்கிஸ் இருவரும் அடித்த கோல்களால் 2-2. அப்போது வெர்பகோவ்ஸ்கிஸ் ஸ்கொன்டோ வீரராகவே இருந்தார். அதன்பின்தான் கீவ் டைனமோவுக்கு விற்கப்பட்டார். பால்டிக் நாடுகள் மூன்றனுள் ஐரோப்பிய வாகையர் போட்டியின் இறுதிச் சுற்றில் ஆடியது லாத்வியா மட்டுமே. போர்த்துகலில் நடந்த அந்த இறுதிச் சுற்றில் செக் குடியரசிடம் 2-1, நெதர்லாந்திடம் 3-0 எனத் தோற்றது. ஜெர்மனியுடன் கோலின்றிச் சமன் செய்தது.

ஆனால், அந்த உச்சமே கழகத்தின் சரிவுக்கும் தொடக்கமாயிற்று. 2004இல் ஸ்தார்கோவ்ஸ் மாஸ்கோ ஸ்பார்டக்குக்குப் பயிற்றுநராகப் போனார். சிறந்த வீரர்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். ஸ்கொன்டோ இல்லாத ஊர்களிலும் பணம் புழங்கத் தொடங்கியிருந்தது: எஃகு ஆலையின் ஆதரவு பெற்ற லியெபாயா மெட்டலுர்க்ஸும், துறைமுக நகரான வென்ட்ஸ்பில்ஸின் கழகமும் வலுப்பெற்றன. 2005இல் மெட்டலுர்க்ஸ் பட்டம் வென்று 14 ஆண்டுத் தொடரை முறித்தது. நார்வேயின் ரோசன்போர்க் 1992 முதல் வென்றுவந்த 13 பட்டங்களின் வரிசை முடிந்ததும் அதே ஆண்டில்தான். வென்ட்ஸ்பில்ஸ் 2006 முதல் 2008 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றது.

இறுதி ஆண்டுகள்

2008இல் தொடங்கிய நிதி நெருக்கடி லாத்வியாவை ஐரோப்பாவிலேயே கடுமையாகத் தாக்கியது. 2009இல் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 14 விழுக்காடு சுருங்கியது. கட்டுமானம் உள்ளிட்ட தொழில்களை நம்பியிருந்த கால்பந்துக் கழகங்களின் வருவாய் வற்றியது. அந்தச் சூழலிலும் ஸ்தார்கோவ்ஸ் திரும்பிவந்து 2010இல் 15ஆவது பட்டத்தை வென்று தந்தார். அவருக்குப் பின் பயிற்றுநரான பாகார்ஸின் காலத்தில் 2012இல் லாத்வியக் கோப்பை கிடைத்தது. அதுவே கழகம் வென்ற கடைசிக் கோப்பை.

அடுத்த ஆண்டுகளில் ஸ்கொன்டோ பட்டத்துக்கு அருகில் வந்துகொண்டிருந்தாலும் நிதி நிலை மோசமாகிக்கொண்டே போனது. 2015 ஜூலையில் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் அயர்லாந்தின் செயின்ட் பேட்ரிக்ஸை வென்றது. அடுத்த சுற்றில் ஹங்கேரியின் தெப்ரெட்சென் அணியிடம் 9-2 எனத் தோற்று வெளியேறியது. அதுவே அதன் கடைசி ஐரோப்பிய ஆட்டம். அந்தப் பருவத்தில் விர்ஸ்லீகாவில் இரண்டாம் இடம் பிடித்தும், கடன்களைத் தீர்க்க இயலாததால் 2016க்கான உரிமம் மறுக்கப்பட்டது. ஓராண்டு இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிவிட்டு, 2016 டிசம்பரில் கழகம் திவாலாகி மறைந்தது.

மதிப்பீடு

ஸ்கொன்டோவின் முடிவு தனித்த நிகழ்வல்ல. மெட்டலுர்க்ஸ் கழகம் அதைத் தாங்கிய எஃகு ஆலை நொடித்ததோடு 2013இல் இல்லாமற்போனது. 2012இல் பட்டம் வென்ற டவ்காவ்பில்ஸின் டவ்கவாவும் சில ஆண்டுகளில் காணாமற்போனது. ஆட்ட முடிவுகளை விலைபேசிய குற்றத்துக்காக வென்ட்ஸ்பில்ஸ் 2021இல் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தடை செய்யப்பட்டது. நுழைவுச்சீட்டு வருவாயும் தொலைக்காட்சி வருவாயும் மிகக் குறைவான சந்தையில் ஒரு புரவலரின் பணத்தால் எழும் அணி, அந்தப் புரவலரின் ஏற்றத்தாழ்வோடு தானும் ஏறி இறங்கும். ஸ்கொன்டோ அந்த முறையின் முதல் வெற்றியாளர். அதனாலேயே மிக நீண்ட காலம் தனித்து நின்றது.

தொடர் பட்டங்களில் உலக அளவில் வனுவாட்டு நாட்டின் டாஃபியா, 15 முறை தொடர்ந்து வென்று ஸ்கொன்டோவை முந்தியது. ஐரோப்பாவில் ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸ் 2003 முதல் 2016 வரையும், பல்கேரியாவின் லுடோகோரெட்ஸ் 2012 முதல் 2025 வரையும் 14 பட்டங்களைத் தொடர்ந்து வென்று அந்த எண்ணிக்கையை எட்டின. ஸ்கொன்டோ மைதானத்தில் இப்போது ரீகா எஃப்சி ஆடுகிறது. அதுவும் ஆர்எஃப்எஸ் அணியும் தலைநகரின் புதிய முன்னணிக் கழகங்கள். ஆயினும் 2004க்குப் பின் எந்த லாத்வியக் கழகமும் தொடர்ந்து மூன்று பட்டங்களுக்கு மேல் வென்றதில்லை.