சிவப்பு விளக்கின் பூர்வோத்தரம்

சென்ற மாதம் ஓர் இரவு, இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு மருமானின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. நாலு தெருவிலும் ஈ காக்கை இல்லை.

"ஒருத்தருமே இல்லையே, மாமா! போயிடட்டுமா?" என்றான்.

"இரு" என்றேன்.

"யாருக்காக இருக்கணும்?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

தெருவுக்கு முதன்முதலில் சிவப்பு விளக்கு வந்தது லண்டனில், பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரே, 1868 டிசம்பரில். யோசனை சொன்னவர் ஜான் பீக் நைட் என்ற ரயில்வேக்காரர். ரயில் பாதைக் கைகாட்டியையே பெயர்த்து வந்து நட்டதுபோல் இருந்தது அது. பகலில் கை நீட்டும். இரவில் காஸ் விளக்கு எரியும். சிவப்பு என்றால் நில். பச்சை என்றால் 'போ' என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை, 'ஜாக்கிரதை' என்று அர்த்தம்! சிவப்பு தெரிந்தால் வண்டிகளும் குதிரைகளும் நின்று, நடந்து போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது போலீஸ் கமிஷனர் ரிச்சர்டு மேய்னின் உத்தரவு. ஆக, அந்த விளக்கை ஏற்றியதே நடராஜா சர்வீஸ்காரனுக்காகத்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1869 ஜனவரியில் காஸ் வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் படுகாயம் அடைந்தார். பாவம்!

சிவப்பு விளக்கின் பிறந்த வீடான ரயில்வேயிலேயே ஒரு விசேஷம் உண்டு. நம் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் நடுவழியில் நின்று, பிறகு எறும்பு போல ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். தானாக இயங்கும் சிக்னல் சிவப்பாக இருந்தால், டிரைவர் பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். அப்புறமும் மாறாவிட்டால், எந்தக் கணமும் நிறுத்தத் தயாராக ஊர்ந்து போகலாம். ஆனால், ஸ்டேஷன்காரர்கள் இயக்கும் சிக்னலில் இந்தச் சலுகை கிடையாது.

சைக்கிள்காரர்களுக்கு இதே சலுகையைக் கொடுத்தது அமெரிக்காவின் ஐடஹோ ராஜ்யம். சில்லறை சைக்கிள் வழக்குகள் கோர்ட்டில் குவிந்து மாஜிஸ்திரேட்டுகள் அலுத்துப்போன சமயம், 1982-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'நில்' என்ற பலகையைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, குறுக்கே யாரும் இல்லையென்றால் போகலாம். சிவப்பு விளக்கில் மட்டும் முழுக்க நின்று, பிறருக்கு வழிவிட்ட பிறகே போகலாம் என்று 2006-இல் தெளிவாக்கினார்கள்.

மோட்டார்காரர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. 1978-இல் கிழக்கு ஜெர்மனி, சிவப்பு விளக்கின் பக்கத்தில் பச்சை அம்புப் பலகை ஒன்றை மாட்டியது. நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். 1990-இல் அந்த தேசமே மறைந்தது. அம்பு மட்டும் பிழைத்து, 1994-இல் ஐக்கிய ஜெர்மனியின் சட்டத்திலும் ஏறிவிட்டது. ஆனால் பார்வையற்றோர் சங்கங்கள் அதை எதிர்த்தன. காதை நம்பித் தெருவைக் கடக்கிறவருக்கு, நின்ற கார் நின்றபடியே இருக்கும் என்ற உறுதி வேண்டாமா?

என் கட்சி இதுதான். சைக்கிள்காரன் இறங்கி நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டுப் போகட்டும். தப்பினால் முதலில் முறிவது அவன் எலும்பு. மோட்டாரில் முறிவது அடுத்தவன் எலும்பு. அதற்கு இந்தச் சலுகை கூடாது.

இதையெல்லாம் மருமானிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ ஸ்கூட்டர் எந்தக் கட்சி, மாமா?" என்றான்.

"மோட்டார் கட்சி" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!