தனிமங்களும் வெற்றுக் கட்டங்களும்

மீலாது மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தியொன்றுண்டு. ‘கெமிஸ்ட்ரி’ என்னும் மேனாட்டுச் சொல் ‘அல்-கீமியா’ என்னும் அரபிச் சொல்லின் வழிவந்தது என்பதே அது. செய்தி மெய்யானதே. ஆயினும் நம் முன்னோர் அக்கலையில் செய்தது யாது, அவர்கள் விட்ட இடத்திலிருந்து பிறர் எவ்வளவு தொலைவு சென்றனர் என்று நாம் விசாரிப்பதில்லை. சொல்லின் பெருமையோடு அமைந்துவிடுகிறோம்.

ரேய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தவர். ‘கிதாபுல் அஸ்ரார்’ என்னும் நூலில் அவர் பொருள்களை விலங்கு, தாவரம், கனிமம் என மூன்றாக்கி, கனிமங்களை மேலும் ஆறாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று ‘அர்வாஹ்’, அதாவது ஆவிகள். தீயிலிட்டால் பறந்துவிடும் பாதரசம், கந்தகம், நவச்சாரம் முதலியன இதில் அடங்கும். மற்றொன்று ‘அஜ்ஸாத்’, உடல்கள். உருகினும் ஓடிப்போகாத பொன், வெள்ளி, செம்பு, இரும்பு முதலியன இவ்வகை. எஞ்சியவை கற்கள், துத்தங்கள், வெண்காரங்கள், உப்புகள். கேள்விப்பட்டதைக் கொண்டன்றி, உலையருகே கண்ணாற் கண்ட இயல்பைக் கொண்டு வகுத்த பிரிவினை இது.

எனினும் கந்தகம் தனிமம், நவச்சாரமோ கூட்டுப்பொருள். இரண்டும் ஒரே வரிசையில் அமர்ந்துவிட்டன. அவற்றைப் பிரித்தறியும் வழி அக்காலத்தில் இல்லை. தனிம அட்டவணையையே ராஸீ கண்டுவிட்டார் என எவரேனும் முழங்கினால், அது அப்பெரியாருக்குச் செய்யும் சிறப்பாகாது.

1789இல் பாரிஸ் அறிஞர் லவாய்சியர், மேலும் பிரிக்க இயலாதவை என 33 பொருள்களைப் பட்டியலிட்டார். ஒளியும் வெப்பமும்கூட அதில் இடம்பெற்றிருந்தன! பின்னர் தனிமங்கள் பெருகின, ஒழுங்குதான் புலப்படவில்லை. அணு எடைப்படி அடுக்கினால் எட்டுக்கு ஒருமுறை ஒத்த இயல்பு திரும்புகிறதென்று 1865இல் நியூலண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் கூறினார். அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று லண்டன் சபையில் அவரைக் கேலி செய்தனர்.

பீட்டர்ஸ்பர்க் பேராசிரியர் மெண்டெலீவ், மாணவர்க்குப் பாடநூல் எழுதும் வேளையில், 1869இல் தம் அட்டவணையை வெளியிட்டார். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. அவற்றைக் கொண்டு எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட அவர் முயலவில்லை. இயல்பு ஒவ்வாதவிடத்துக் கட்டத்தை வெறுமையாகவே விட்டார். அங்கு வரவேண்டியவற்றுக்கு, ஒன்று எனப் பொருள்படும் ‘ஏக’ என்னும் வடசொல்லை முன்னிட்டு, ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான் எனப் பெயருமிட்டார். 1875இல் பிரான்சின் புவாபோதிரான் காலியத்தைக் கண்டார். அதன் அடர்த்தி 4.7 என அளந்தார். காலியத்தைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டெலீவ், அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும், மீண்டும் அளந்து பாரும் என்றார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 என்றே வந்தது! 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் மற்ற இரு கட்டங்களில் வந்தமர்ந்தன.

மெண்டெலீவும் பிழைபட்டதுண்டு. டெலூரியம் அயோடினைவிட எடை மிக்கது. எனினும் இயல்பு நோக்கி அதனை அயோடினுக்கு முன் வைத்த அவர், டெலூரியத்தின் எடையைத்தான் பிறர் தவறாக அளந்தனர் என்று கருதினார். எடையில் தவறில்லை, எடையே சரியான அளவுகோலன்று. எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913இல் அதைக் காட்டியவர் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். வரிசையை ஆள்வது அணுவின் எண் என அவர் நிறுவினார். டெலூரியம் 52, அயோடின் 53.

இரண்டாண்டு கழிந்து, 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள், கலிப்போலிப் போர்க்களத்தில் மோஸ்லி துருக்கியர் குண்டுக்கு இரையானார். வயது 27. தம் மண்ணைக் காத்து நின்ற உஸ்மானியப் படையினருக்கு அவர் கடல் கடந்து படையெடுத்து வந்த அந்நியருள் ஒருவர், அவ்வளவே. அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும் அச்செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவர் வகுத்த எண்வரிசையில் வெறுமையாயிருந்த 75, 43, 61 ஆகிய இடங்களை 1925 முதல் 1945 வரையுள்ள காலத்தில் பிறர் நிரப்பினர்.