மகமைக் கணக்கு யார் கையில்?
திருகோணமலைத் துறைமுகப் பகுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி கோயிலின் வரலாறாகவும் கோட்டையின் வரலாறாகவும் அமைந்திருப்பதைக் காணலாம். கோணேசர் கோயிலைக் கட்டியோர், இடித்தோர், கோட்டையைப் பிடித்தோர், இழந்தோர் ஆகியோரின் பெயர்களும் ஆண்டுகளும் எமது மாணவர்க்கு மனப்பாடம். ஆனால், அக்கோயிலுக்கும் கோட்டைக்கும் இடையே நாள்தோறும் மூடை சுமந்தும், நிறுத்தும், விற்றும், வாங்கியும் வாழ்ந்த மக்களின் கடைத்தெருவுக்கு ஒரு வரலாறு உண்டா? அங்கே கிணறு தோண்டியவர் யார்? பண்டசாலைக்குக் காவல் வைத்தவர் யார்? அதற்கான பணம் எவருடைய பையிலிருந்து வந்தது? சிறியனவாகத் தோன்றும் இக்கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான், அரசர் பட்டியலில் அகப்படாத ஒரு பெரிய நிறுவனம் எம் கண்ணுக்குப் புலனாகின்றது. அதுவே வணிகர் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட பொது வரி. பிற்காலத் தமிழில் மகமை என வழங்குவது.

மகமையின் இயக்கம் எளிமையானது. கடைத்தெருவில் ஒரு கிணறு தேவைப்படுகின்றது. தனியொரு வணிகன் அதனைத் தன் செலவில் தோண்ட விரும்பான். தோண்டினால் செலவு அவனுக்கு, பயன் அயற்கடைக்காரனுக்கும். ஆகவே, எல்லோரும் விரும்பும் கிணற்றை எவரும் தோண்டாதிருப்பர். இந்த முட்டுப்பாட்டை நீக்குவதற்கு வழி ஒன்றே. மூடைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒரே விகிதத்தில் பொதுப் பெட்டியில் இடுவதென முடிவு செய்துகொண்டால், போட்டியில் எவரும் பின்தங்கார், கிணறும் உண்டாகும். இதனைக் கண்டுபிடிப்பதற்கு நவீனப் பொருளாதார நூல்கள் வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாட்டு வணிகரும் ஈழத்து வணிகரும் இதனை அறிந்திருந்தனர்.

திருகோணமலைக்கு வடக்கே கடலோரமாக அமைந்துள்ளது திரியாய். அங்குள்ள பாறையொன்றில் பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில், ஏறத்தாழ ஏழாம் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அவ்விடத்துப் பௌத்த சைத்தியத்தை எழுப்பியோர் திரபுசர், வல்லிகர் என்னும் பெயர் பூண்ட வணிகர் கூட்டத்தார் என்று அக்கல்வெட்டுக் கூறுகின்றது. இப்பெயர்கள் புத்தர் வரலாற்றில் வரும் இரு வணிகரை நினைவூட்டுவன என்பதை யாவரும் அறிவர். இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது வேறு. கட்டியவன் அரசன் அல்லன், தனிச் செல்வனும் அல்லன், வணிகர் கூட்டம். கூடிச் செலவிடும் வழக்கத்துக்கு இத்துறைமுகப் பகுதியில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

சோழராட்சி 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதியிற் பரவி, 1070ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. அக்காலத்திலும் அதற்குப் பின்னரும் இப்பகுதியில் நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்பட்ட பெருங்கணத்தின் தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கன்னட நாட்டு ஐகொளெயைத் தம் மூலப்பதியாகக் கொண்டாடிய இக்கணத்தாரின் கல்வெட்டுக்கள் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் ஈழத்திலும் கடல் கடந்த சுமத்திராவிலும் கிடைத்துள்ளன. திருகோணமலையின் பின்னிலமாகிய பதவியாவில் வணிகரும் வீரரும் கோயிலுக்களித்த கொடைகளைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள. அவ்வூர் ஐம்பொழிற்பட்டினம் என்ற பெயரையும் பெற்றிருந்தது. வாகல்கடைக் கல்வெட்டோ, கணத்தார் கூடி ஓரூரை வீரபட்டினமாக்கிய செய்தியைத் தருகின்றது. வீரபட்டினம் என்பது வணிகர் தம் படைவீரரின் காவலில், தம் விதிகளின்படி நடாத்திய சந்தை நகராகும்.

இக்கணத்தாரின் பொதுப்பணம் எவ்வாறு திரண்டது என்பதற்குப் பாண்டிநாட்டுப் பிரான்மலையிலுள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு நல்ல சான்று. உப்பு, நெல், மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பஞ்சு, நூல், மெழுகு, தேன், சந்தனம், பட்டு, பன்னீர், கர்ப்பூரம் முதலாகக் குதிரை, யானை ஈறாகப் பண்டங்கள் பலவற்றையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் கோயிலுக்காகப் பெறவேண்டிய சிறு பங்கினை அது வரையறுக்கின்றது. இத்தகைய பங்கு பட்டணப்பகுடி என வழங்கிற்று. சுமத்திராவின் பாருஸ் துறையில் 1088ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, கப்பலில் வந்தோர் பொன்னாகக் கட்டணம் செலுத்திய பின்னரே துறையில் விரித்த பாவாடைமேற் கால்வைக்கலாம் என்று விதிக்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் மலாயத் தீபகற்பத்துத் தக்குவாபாவில் தோண்டப்பட்ட அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டது. கோயில், குளம், துறை ஆகிய மூன்றுமே வணிகன் தங்கவும் நீரருந்தவும் இறங்கவும் வேண்டியவை. பக்தியும் தேவையும் அங்கே ஒரே பெட்டியிற் காசு போட்டன.

மதத்தால் அப்பெட்டி பிளவுபட்டிருக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அதற்குக் கொடையளித்த பௌத்தர் தம் கொடைகளைத் தமிழிற் பொறித்தனர். அதே காலத்தில் அதே பகுதியில் சிவன் கோயில்களுக்கும் கொடைகள் சென்றன. நானாதேசி என்ற சொல்லே பல தேசத்தார் என்று பொருள்படும். இனத்தின் பெயரால் கடைத்தெருவைக் கூறுபோட முனைவோர் இந்தக் கற்களைச் சற்றே படித்துப் பார்ப்பார்களாக!

ஆயினும், பழமையைக் கண்டு மயங்குதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ஐந்நூற்றுவர் பொதுநலத் தொண்டர் அல்லர். இலாபம் தேடிய வணிகர். அவர்தம் காவலர் ஏந்திய வாள் கள்வருக்கு மட்டுமே அஞ்சத்தக்கதாக இருந்திருக்க முடியாது. மேலும், மூடைக்கு எடுத்த பங்கு உண்மையில் யாரிடமிருந்து வந்தது? வணிகன் தன் கையால் அதனைக் கொடுத்தான் என்பது மெய். ஆனால், விற்கும்போது விலையில் ஒரு துளி கூட்டுவதோ, வாங்கும்போது உழவனுக்கும் நெசவாளனுக்கும் கொடுக்கும் விலையில் ஒரு துளி குறைப்பதோ அவனுக்கு எளிது. பெயர் கல்லில் ஏறியது வணிகனுக்கு. சுமை ஏறியது பல வேளைகளில் உழைப்பவன் தோளில். கூட்டத்திலே இடம்பெற்றவன் செட்டி; மூடை தூக்கியவனுக்கு அங்கே குரல் இருந்ததென்று எக்கல்லும் சொல்லவில்லை.

ஐரோப்பியரின் வருகை இந்தக் கதையை வேறு திசைக்குத் திருப்பியது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். 1624இல் அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. ஈற்றில் 1795இல் பிரித்தானியர் அதனை நிலையாகப் பிடித்துக்கொண்டனர். வணிகர் கூடி விதி செய்த துறை, வல்லரசுகளின் கடற்படைத் தளமாயிற்று. வங்கக் கடலைக் கட்டியாளுவதற்கு ஒரு பூட்டு வேண்டியிருந்தது. அந்தப் பூட்டாகத் திருகோணமலை பயன்பட்டது.

பூட்டுக்கு வேண்டியது எண்ணெய், கடைத்தெரு அன்று. சீனன்குடாவில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்ட மாபெரும் எண்ணெய்க் குதங்களில் இன்றும் 99 எஞ்சி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்வது. பேரரசின் பணம் அங்கே தாராளமாகப் பாய்ந்தது. கடற்படைத் தளத்தை நம்பியே நகரின் கடைகளும் கூலியும் வளர்ந்தன. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, பிறருடைய போருக்காக இந்நகர மக்கள் வீடுவாசலை விட்டு ஓட நேர்ந்தது. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏகாதிபத்தியக் கொடி இறங்கியது கண்டு நாடு மகிழ்ந்தது, மகிழ்ந்தது நியாயமே. ஆனால், தளத்தை அண்டிப் பிழைத்த தொழிலாளரும் சிறுகடைக்காரரும், தம் வாழ்வு தம் கையில் இல்லாத ஒரு பொருளாதாரத்தின்மீது கட்டப்பட்டிருந்தது என்பதை அன்றே உணர்ந்தனர்.

வணிகர் கூடித் தம் ஊரைத் திருத்தும் வழக்கம் அதனோடு அழிந்துவிட்டதா? இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், வறண்ட இராமநாதபுரச் சீமையிலே அது புத்துயிர் பெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்தனர். பொதிமாடும் வண்டியும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்கான மதில் சூழ்ந்த இடங்கள் அவை. அவற்றைப் பேணுவதற்கு உறவின்முறை என்னும் ஊர்ச்சபை மகமை திரட்டியது. சாதி இந்துக்களால் தாழ்த்தப்பட்டு, கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மக்கள் அவர்கள். கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக அவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி கலவரத்தில் அவர்களுடைய வீடுகள் எரிந்தன. பிறர் கதவடைத்தபோது, தம் காசைத் தாமே சேர்த்துத் தமக்கெனக் கதவு திறந்தவர்கள் அவர்கள்.

அந்த மகமை கடைத்தெருவோடு நிற்கவில்லை. 1889இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. கடைகளின் மகமையும், வீடுதோறும் பெண்கள் உலையிலிடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசியும் அதனைத் தாங்கின. அப்பள்ளியிற் சில ஆண்டுகள் பயின்ற ஒரு சிறுவனே பின்னாளில், 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராயிருந்து, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகளையும் மதிய உணவையும் தந்த காமராசர். மூடைக்கு எடுத்த சிறுகாசும் ஒரு பிடி அரிசியும் எத்தனை தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும், இங்கும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. உறவின்முறை என்ற பெயரே எல்லையைச் சொல்லுகின்றது. ஒரு சாதியின் தற்காப்புக் கோட்டையாகப் பிறந்த அச்சபையில், மற்றச் சாதிக் கடைக்காரனுக்கு இடமில்லை. ஒடுக்கப்பட்டோரின் ஒற்றுமை பெரிது. அது சாதியின் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது அதன் சோகம்.

இதே முறையை மேனாட்டார் மிகப் பிற்காலத்திலேதான் சட்டமாக்கினர். கனடாவின் ரொறன்ரோ நகரில் புளோர் வீதியை ஒட்டி நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும், அவ்வீதியின் மேற்குப் பகுதிக் கடைகளின் வாசலில் ஆள் நடமாட்டம் குறைந்தது. புதிய பெருங்கடைத் தொகுதிகளும் வாடிக்கையாளரை இழுத்தன. அங்குள்ள வணிகர் தம்மேல் தாமே ஒரு கட்டாய வரி விதிக்குமாறு கேட்டுக்கொண்டு, 1970இல் தம் வீதிக்கென ஒரு மேம்பாட்டு வட்டாரத்தை அமைத்தனர். பணத்தை நகராட்சி திரட்டிக் கொடுத்தது. விளக்கும் இருக்கையும் மரமும் வந்தன. இன்று பல நாடுகளில் இம்முறை பரவியுள்ளது. அதனோடு ஒரு நோயும் பரவியுள்ளது. வீதி அழகானதும் வாடகை ஏறும். ஏறினால் முதலில் வெளியேறுபவன் சிறுகடைக்காரன். பணம் கொடுத்தவனே வீதிக்கு உரியவன் என்ற எண்ணம் தலைதூக்கும்போது, நடைபாதை வியாபாரியும் வீடற்றவனும் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளப்படுகின்றனர்.

இனித் திருகோணமலைக்கு மீள்வோம். 2022 சனவரியில் எண்ணெய்க் குதங்கள் பற்றிப் புதிய உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 61 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா இந்திய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரிலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று அரசுகள் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு உடன்பாடு செய்தன. குதங்களுக்கு மீண்டும் முதலாளிகள் கிடைத்துவிட்டனர். கடைத்தெருவுக்கு?

இக்கடைத்தெரு சாதாரணக் கடைத்தெரு அன்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் அருகருகே தராசு பிடிக்கும் இடம். 1983 யூலையில் இங்கே கடைகள் எரிந்தன. 2006 ஏப்ரிலில் சந்தையில் குண்டு வெடித்து உயிர்கள் பலியாகின; அதன் பின் மீண்டும் கடைகள் எரிக்கப்பட்டன. அயற்கடை எரிந்தால் தன் கடைக்கும் நட்டம் என்ற எளிய உண்மையை வெறி மறக்கடித்தது. மூன்று சமூகத்தாரும் ஒரே பெட்டியிற் காசு போட்டு, ஒரே வடிகாலை வெட்டி, ஒரே காவலாளியை அமர்த்துவார்களாயின், அது வடிகாலோடு முடியும் காரியமன்று. நெருப்பை அணைப்பதற்கு முன்கூட்டியே சேர்த்துவைத்த நீர் அது.

ஆனால், வரலாறு எமக்கு மூன்று நிபந்தனைகளைக் கற்பிக்கின்றது. ஐந்நூற்றுவரின் குறையிலிருந்து, மூடை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்கும் நடைபாதை வியாபாரிக்கும் சபையில் இடம் வேண்டும் என்று கற்கின்றோம். ஏனெனில் மகமையின் ஒரு பங்கு அவர்கள் வியர்வையிலிருந்தே வருகின்றது. உறவின்முறையின் குறையிலிருந்து, சபையின் வாசல் சாதிக்கோ மதத்துக்கோ இனத்துக்கோ அடைக்கப்படலாகாது என்று கற்கின்றோம். ரொறன்ரோவின் குறையிலிருந்து, வீதி என்றும் மக்களுடையது, பணம் கொடுத்தோர் அதன் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர் என்று கற்கின்றோம். இவை யாவற்றுக்கும் மேலாக, வணிகர் தருகிறார்களே என்று அரசும் உள்ளூராட்சி மன்றமும் தம் கடமையைக் கைகழுவ விடுதல் கூடாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது என்ன என்று கேட்கலாம். திரியாய்ப் பாறைக்கும் வெல்கம் விகாரைக்கும் மாணவரை அழைத்துச் செல்லுங்கள். அரசர் பெயரை மட்டுமன்றி, காசு கொடுத்தவர் பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்து வந்து, கல்லிற் பெயர் ஏறாதவர்களைக் காட்டுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கணக்கைக் கல்லில் வெட்டி, வருவோர் போவோர் யாவரும் காணும்படி நட்டுவைத்தார்கள். இன்றைய மகமைக் கணக்கும் அவ்வாறே பகிரங்கமாக எழுதப்படட்டும். அதைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை, மூடை சுமப்பவனுக்கும் இருக்கட்டும்.