சுழலும் பின்னணி: ஹீலியோஸ் லென்ஸின் ஜேர்மன் பூர்வீகம்

முகப்படம் எடுக்கக் 'கரக்டர்' உள்ள பழைய லென்ஸ் ஒண்டு தேடினால், எப்படியும் ஒரு பெயரில போய் முட்டுவீர்கள்: ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீற்றர், எஃப் 2. சோவியத் ஒன்றியத்தில் ஸெனிட் கமராக்களோடு இலட்சக்கணக்கில் வந்த சாதாரண லென்ஸ். முகம் அப்படியே நிற்க, பின்னாலுள்ள இலைகளும் வெளிச்சப் பொட்டுகளும் அதைச் சுற்றிச் சுழலுவது போல இருக்கும். ஆனா இதின்ர பூர்வீகம் ரஷ்யா இல்லை, ஜேர்மனியின் யெனா நகரம்.

1896இல் அங்குள்ள ஸைஸ் நிறுவனத்தில் பவுல் ருடோல்ப் 'பிளானார்' லென்ஸை வடிவமைத்தார். நாலு தொகுதியாக ஆறு கண்ணாடிகள். கணக்குப்படி அருமையானது. பிரச்சினை என்னவென்றால், காற்றோடு முட்டும் மேற்பரப்புகள் எட்டு; ஒவ்வொன்றும் நாலைந்து வீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. படம் வெளிறிப்போகும். 1920களில் வில்லி மெர்ட்டே அதே வழியில் 'பயோட்டார்' லென்ஸ்களை உருவாக்கினார். 1935இல், அதே நிறுவனத்தில் வேலைசெய்த உக்ரேனியரான அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியில் மெல்லிய பூச்சுப் பூசி அந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். 58 மி.மீ. பயோட்டார் வந்ததும் இதே முப்பதுகளில்தான்.

பிறகு யுத்தம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யெனாவுக்குள் வந்தது. திரும்பும்போது முக்கியமான விஞ்ஞானிகளை மேற்கே கூட்டிக்கொண்டு போனது. யூலையில் சோவியத் படை வந்தது. அடுத்த வருடம் தொழிற்சாலை இயந்திரங்கள் யுத்த நட்டஈடாகக் கழற்றப்பட்டன. நிபுணர்கள் பலர் சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மொஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை பயோட்டாரை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான் ஹீலியோஸ் 44.

"ரஷ்யாக்காரன் களவெடுத்த லென்ஸ்" எண்டு சொல்லுறவை இருக்கினம். எனக்கு அது அரைவாசிக் கதை. நாசி ஜேர்மனி சோவியத் நகரங்களை எரித்த கணக்கும் இருக்கு. யுத்தகாலத்தில் ஸைஸ் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கிய கணக்கும் இருக்கு. கொண்டுபோகப்பட்ட நிபுணர்களிடம் மட்டும் எந்தப் பக்கமும் விருப்பம் கேட்டதாகத் தெரியவில்லை.

சுழல் எங்கிருந்து வருகிறது? சட்டகத்தின் ஓரத்தில் லென்ஸின் உடலே வெளிச்சத்தை மறைப்பதால், வட்டமான பொட்டு பூனைக்கண் போல நீளும். அந்தக் கண்களெல்லாம் நடுவைச் சுற்றி வளைந்து நிற்கும். அதோடு ஓரத்தில் சரியாகத் திருத்தப்படாத வேறு பிழைகளும் சேரும். பிந்திய வடிவமைப்பாளர்கள் பாடுபட்டு ஒழித்ததைத்தான் நாங்கள் இப்ப காசு குடுத்துத் தேடுறம்!

வாங்குவதென்றால்: ஜேர்மன் பயோட்டாரின் விலை பலமடங்கு, சுழல் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஹீலியோஸ் போதும். மிரர்லெஸ் கமராவில் எம்42 அடப்டர் போட்டால் சரி. சிறிய சென்சர் என்றால் ஓரம் வெட்டுப்பட்டு, சுழலில் பெரும்பகுதியும் போய்விடும். எஃப் 2இல், ஆளை ஒன்றரை இரண்டு மீற்றரில் நிறுத்தி, பின்னால் சில மீற்றர் தள்ளி மரம் இருக்கப் பாருங்கள். எஃப் 5.6இல் இதுவும் சாதாரண லென்ஸ்தான். முக்கியமாக, வாங்க முன்னம் உள்ளுக்கு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. எங்கட ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் கண்ணாடியில வலைபோலப் படரும். படர்ந்ததை விக்கிறவை பெரும்பாலும் சொல்லமாட்டினம்.