தோட்டாவின் நீளமும் அடியின் அகலமும்: போல்ட் தாங்கும் விசை குறித்து ஓர் ஆய்வு

பெரிய தோட்டா துப்பாக்கியின் பின்பூட்டைப் பலமாகத் தாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ‘பெரிய’ என்பது நீளத்தையா, அகலத்தையா, உள்ளே கொள்ளும் மருந்தையா என்று பிரித்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை பாதிதான் நிற்கிறது.

மருந்து எரிந்தெழும் வாயு எல்லாத் திசையிலும் ஒரே அழுத்தத்தில் தள்ளுகிறது. பக்கவாட்டுத் தள்ளலைத் தோட்டா அறையின் சுவர் தாங்கிக்கொள்கிறது. முன்னால் குண்டு நகர்ந்துவிடுகிறது. பின்னால் பித்தளைக் கூட்டின் அடி, பின்பூட்டான போல்ட்டின் முகத்தில் அழுந்துகிறது. அந்த விசை, அழுத்தத்தை அடியின் பரப்பால் பெருக்க வருவது. கூட்டின் நீளத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பரப்போ விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது.

சி.ஐ.பி. என்ற பன்னாட்டு ஆணையத்தின் உச்ச அழுத்த வரம்புகளையும் கூட்டடியின் வெளிவிட்டத்தையும் கொண்டு கணக்கிட்டேன். .30-06 தோட்டாவின் கூடு 63 மி.மீ. நீளம்; .308 வின்செஸ்டருடையது 51 மி.மீ. அடி இரண்டுக்கும் ஏறத்தாழ 11.96 மி.மீ.தான். முதலாவதன் வரம்பு 405 மெகாபாஸ்கல், இரண்டாவதன் வரம்பு 415. ஆக, நீளமான தோட்டா போல்ட்டில் ஏற்றும் விசை 45.5 கிலோநியூட்டன், குட்டையானது ஏற்றுவது 46.6. தோளில் உணரும் உதை வேறு சங்கதி, அதில் .30-06 முந்தக்கூடும். இவ்விரண்டையும் குழப்புவதால்தான் வாதம் தடம் மாறுகிறது.

அழுத்தத்தை மட்டும் பார்ப்பதும் பிழையே. .223 ரெமிங்டனின் வரம்பு 430 மெகாபாஸ்கல், 7.62×39 தோட்டாவுக்கு 355தான். ஆனால் முன்னதன் அடி 9.58 மி.மீ., பின்னதன் அடி 11.35 மி.மீ. விசை முறையே 31 கிலோநியூட்டன், 36 கிலோநியூட்டன். .223-க்கென அமைந்த ஏஆர்-15 ரைபிளின் போல்ட்டை 7.62×39-க்கு மாற்றுவோர் அதன் முகத்தை அகலமாகக் குடையவும் வேண்டும். சுமை கூடுகிற அதே இடத்தில் உலோகம் குறைகிறது.

அழுத்தமும் அகலமும் சேர்ந்தே விசையைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று உண்டு. 1962 சீனப் போருக்குப் பின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி 2ஏ ரைபிளைச் செய்தது. லீ-என்ஃபீல்டின் பழைய .303 தோட்டாவின் அடி 11.68 மி.மீ., வரம்பு 365 மெகாபாஸ்கல். விசை சுமார் 39 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன். நேட்டோ தோட்டாவுக்கு அதன் இணையான .308-இன் அளவுகளைக் கொண்டால், விசை 4¾ டன்னைத் தொடுகிறது. ஏறிய 19 சதவீதத்தில் பெரும்பங்கு அழுத்தத்தினுடையது. அகலத்தின் பங்கு 5 சதவீதம்தான். லீ-என்ஃபீல்டின் பூட்டுப் புடைப்புகள் போல்ட்டின் பின்பாகத்தில் இருப்பதால், ஒவ்வொரு சூட்டிலும் போல்ட் நெடுக அமுங்குகிறது, சட்டகம் இழுபடுகிறது. பழைய வடிவத்தை வைத்துக்கொண்டே 2ஏ-க்கு எஃகின் தரத்தை உயர்த்தியது சரியான முடிவு.

கூடு விரிந்து அறைச் சுவரைக் கவ்விக்கொள்வதால் உண்மையான விசை இதைவிடக் குறையும் என்பர். மெய்தான். பலமுறை சுட்டு மீண்டும் நிரப்பிய .303 கூடு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே மெல்லிய பளபளப்பு வளையம் தெரியலாம். முன்பாகம் சுவரைக் கவ்வி நிற்க, பின்பாகம் போல்ட்டை நோக்கி நகர்ந்ததில் பித்தளை இழுபட்ட இடம் அது. அடுத்த சூட்டில் கூடு அங்கேயே அறுந்துபோகலாம்.

அந்தக் கவ்வலை நம்பிப் பூட்டை மெலிதாக்குவதை நான் ஏற்கமாட்டேன். அறையில் எண்ணெயோ மழைநீரோ இருந்தால் கவ்வல் தளர்ந்து, கூட்டடி வாங்கும் விசை ஏறக்குறைய முழுதாகப் போல்ட்டுக்கே போகிறது. பிரிட்டிஷ் சோதனைக்கூடங்கள் ரைபிள்களை எண்ணெய் பூசிய தோட்டாவாலும் சுட்டுப் பார்த்தது இதற்காகத்தான். பூட்டை வடிவமைப்பவர் உச்ச அழுத்தத்தையும் கூட்டடியின் முழு வெளிவிட்டத்தையும் எடுத்துக்கொண்டு, உராய்வைச் சுழியமாக வைத்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.