ஒற்றை எண்ணின் சாட்சியம்: துப்பாக்கிக் குரோனோகிராஃப்பில் நம்பத்தக்க அளவீடு குறித்து

துப்பாக்கிக் குரோனோகிராஃப் தோட்டாவின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு ஒளியுணரிகளுக்கு இடையே தோட்டா கடந்த நேரத்தை அது அளக்கிறது. உணரிகளின் இடைவெளி இவ்வளவு என்று முன்னரே பதிந்துவைத்த எண்ணை அந்த நேரத்தால் வகுத்துத் திரையில் காட்டுகிறது. நேரம் ஒவ்வொரு சுடுதலிலும் அளக்கப்படுகிறது. தொலைவு ஒவ்வொரு முறையும் நம்பப்படுகிறது. கருவிகளைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி கடிகாரத்தின் நுட்பத்தைச் சுற்றியே நடக்கிறது. இக்கட்டுரை வேறொன்றை வலியுறுத்துகிறது. அளவீடு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி அதற்குள்ளேயே அமையாதவரை, கடிகாரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் திரையில் தெரியும் எண்ணை நம்பப் போதிய காரணம் இல்லை. இத்துறையின் முன்னோடிகளில் சிலர் இதை அறிந்தே கருவிகளை அமைத்தார்கள்.

தோட்டாவின் வேகத்தை முறையாக அளந்து காட்டியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளியான ‘நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி’ நூலில் அவர் விவரித்த ஊசல், குண்டு பட்டதும் பின்னோக்கி ஆடும். ஆடிய அளவை ஒரு நாடா காட்டும். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். மஸ்கெட் குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது என்பதும், காற்றின் தடை அக்காலத்தவர் எண்ணியதைவிட மிகப் பெரிது என்பதும் இப்படித்தான் தெரியவந்தன. ஆனால் நூலில் முதலில் தந்த சூத்திரம், குண்டு ஊசலின் எந்தப் புள்ளியில் படுகிறது என்பதைச் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. ராபின்ஸே அதைப் பின்னர்த் திருத்தினார். 1745இல் நூலை ஜெர்மனில் தந்த ஆய்லரும் அப்பிழையைக் கண்டு திருத்தினார். ஊசலும் நாடாவும் சரியாகவே இருந்தன. நாடாவின் நீளத்தை வேகமாக மாற்றிய அனுமானம்தான் பிழைபட்டது.

1860களில் பெல்ஜியப் பீரங்கிப்படை அதிகாரி லெ பூலாங்ஷே அமைத்த குரோனோகிராஃப்பில், அளவீடு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி, அதாவது தன்சோதனை, கருவியின் உறுப்பாகவே ஆயிற்று. குண்டு முதல் கம்பித்திரையை அறுத்ததும் ஒரு மின்காந்தம் நீண்ட தண்டு ஒன்றைக் கீழே விடும். இரண்டாம் திரை அறுந்ததும் மற்றொரு எடை விழுந்து ஒரு கத்தியை விடுவிக்கும். கத்தி, விழுந்துகொண்டிருக்கும் தண்டில் ஒரு கீறல் இடும். கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே நேரம். ஆனால் எடை விழவும் கத்தி பாயவுமே கொஞ்சம் நேரம் ஆகும். ஆகவே இரு மின்சுற்றுகளையும் ஒரே கணத்தில் துண்டிக்கும் ஒரு சாதனம் உடன் சேர்க்கப்பட்டது. அதை இயக்கினால் குண்டின் பயண நேரம் பூஜ்யம்; அப்போது விழும் கீறல் கருவியின் சொந்தத் தாமதத்தை மட்டும் காட்டும். அது 0.15 வினாடிக்கு உரிய கோட்டில், அதாவது தண்டு சுமார் 11 செ.மீ. விழுந்த நிலையில், அமையும்படி சுடுவதற்கு முன் கருவியைத் திருத்திக்கொள்வார்கள். தன் பிழையை அளந்து காட்டிய பிறகே வேகத்தை அளக்கும் கருவி அது.

இன்றைய ஒளியுணரிக் கருவிக்கு வருவோம். வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் வரும் ரைஃபிள் தோட்டா, 60 செ.மீ. இடைவெளியை ஏறத்தாழ 0.7 மில்லிவினாடியில் கடக்கும். கடிகாரம் 4 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால் ஒரு துடிப்பின் பிழை 0.25 மைக்ரோவினாடி, வேகத்தில் அது வினாடிக்கு 0.3 மீட்டர் அளவே. உணரிகளின் இடைவெளியில் 1 மி.மீ. தவறினால் பிழை 1.4 மீட்டர். உணரிகள் ஒன்றுக்கொன்று ஒரு பாகை சாய்ந்திருக்க, தோட்டா அவற்றுக்கு மேலே 15 செ.மீ. உயரத்தில் சென்றால், உண்மையான இடைவெளி 2.6 மி.மீ. மாறிவிடும், பிழை 3.7 மீட்டர். தோட்டாவின் பாதை மொத்தமாக ஒரு பாகை சரிந்தால் வரும் பிழையோ புறக்கணிக்கத்தக்கது. ஆக, குழலுக்கு நேராகக் கருவியை நிறுத்துவதில் செலவாகும் கவனத்தைவிட, உணரிகளைத் தாங்கும், மடக்கி விரிக்கும் தண்டு முழுவதும் விரிந்ததா, இரு உணரிகளும் இணையாக நிற்கின்றனவா என்று பார்ப்பதில் செலவாகும் கவனத்துக்குப் பயன் அதிகம். இடைவெளி 30 செ.மீ.யாகக் குறைந்தால் இப்பிழைகள் எல்லாம் இரட்டிக்கும். சிறிய கருவியின் வசதிக்குத் தரும் விலை இது.

ஒளியின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட அளவு குறைந்ததும் உணரி தூண்டப்படுகிறது. தோட்டாவின் முனையில் தூண்டப்பட்டாலும் நடுவில் தூண்டப்பட்டாலும், இரு உணரிகளும் ஒரே இடத்தில் தூண்டப்பட்டால் கேடில்லை. சாய்வெயில் தோட்டாவின் அடிப்பக்கத்தில் பட்டு ஓர் உணரிக்கு மட்டும் மின்னும்போதும், மரநிழல் ஓர் உணரியின் மேல் மட்டும் விழும்போதும்தான் பிழை நுழைகிறது. உணரிகளுக்கு மேலே வைக்கும் வெண்ணிறத் தகட்டின் வேலை வெளிச்சத்தைக் கூட்டுவதன்று; இரண்டுக்கும் ஒரே வானத்தைக் காட்டுவது. மூடிய அரங்கில் குழல்விளக்கு எரிந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும்; உணரி அதையும் தோட்டா என்று எண்ணக்கூடும்.

ஒலியையும் மறக்கலாகாது. வினாடிக்கு 240 மீட்டரில் செல்லும் ஏர் ரைஃபிள் குண்டு 3 மீட்டரைக் கடக்க 12.5 மில்லிவினாடி ஆகும். குழலின் முனையான முகவாயிலிருந்து புறப்பட்ட ஓசை 9 மில்லிவினாடிக்குள் அங்கே சேர்ந்துவிடும். குண்டு வருமுன்பே கருவி அதிர்கிறது. ஒலியை மிஞ்சும் ரைஃபிளிலோ வெடிமருந்து வாயு முகவாய்க்கு அருகே தோட்டாவை முந்திப் பாய்கிறது. அதனால்தான் மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். தள்ளி வைத்ததால் குறையும் வேகத்தை, சாதாரண ரைஃபிள் தோட்டாவுக்கு வினாடிக்கு 2 முதல் 3 மீட்டர், கூட்டிச் சொல்ல வேண்டும்.

இப்பிழைகளில் எதையும் ஒற்றை எண் தானாக வெளிக்காட்டாது. அமெரிக்காவில் கென் ஓலர் அமைத்த 35பி கருவியின் சிறப்பு இங்கேதான். அதில் மூன்று உணரிகள். முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு வேகம், முதலுக்கும் நடுவிலுள்ளதற்கும் இடையே இன்னொரு வேகம். முதல் உணரி தவறாகத் தூண்டப்பட்டால் இரண்டு எண்களும் பிழைபடும். ஆனால் குறுகிய இடைவெளியில் பிழை பெரிதாகும், எண்கள் முரண்படும், அந்தச் சுடுதலை ஒதுக்கிவிடலாம். தண்டு முழுவதுமே சீராக நீளம் தவறியிருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு ஏமாறும். அதற்கு அளவுநாடா வேண்டும். இத்தகைய கருவி இல்லாதவர்கள் இரண்டு சாதாரணக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, பாதியில் இடம் மாற்றிச் சுடலாம். வேறுபாட்டின் சராசரி அவற்றுக்கிடையே உள்ள நிலையான பிழையையும், வேறுபாட்டின் சிதறல் அவற்றின் தற்செயல் பிழையையும் காட்டும். சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை. அவற்றின் இருமடிகள் கூடுகின்றன. சிதறலின் அளவான திட்ட விலக்கம் கருவிக்கு 3 மீட்டரும் தோட்டாக்களின் உண்மையான விலக்கம் 4 மீட்டரும் என்றால் திரையில் 5 தெரியும். வெடிமருந்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

திட்ட விலக்கத்தைப் பற்றிய கவனமின்மை இதைவிடப் பரவலானது. ஐந்து தோட்டாக்களைச் சுட்டு 4 மீட்டர் என்று கண்டால், 95 சதவீத நம்பிக்கை எல்லையில் உண்மை 2.4 முதல் 11.5 மீட்டர்வரை எங்கும் இருக்கலாம். இருபது தோட்டாக்களிலும் அந்த எல்லை 3 முதல் 5.8 மீட்டர். ஐந்து ஐந்தாகச் சுட்டு இரண்டு வகை வெடிமருந்தில் சிறந்ததைத் தேர்வோர், பெரும்பாலும் தற்செயலைத்தான் தேர்கிறார்கள். மிகக் கூடிய, மிகக் குறைந்த வேகங்களின் வேறுபாடோ இன்னும் ஏமாற்றும். சுடும் எண்ணிக்கை ஐந்திலிருந்து இருபதாகக் கூடினால், எதுவும் மாறாமலே அது சராசரியாக 2.3 விலக்கத்திலிருந்து 3.7 விலக்கமாக வளர்ந்துவிடும்.

இவை விளையாட்டு அரங்கோடு நிற்கும் நுணுக்கங்கள் அல்ல. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையா என்பதை 20 ஜூல் முகவாய் ஆற்றலையும் குழலின் விட்டத்தையும் கொண்டு பிரிக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏர் ரைஃபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு, ஏறத்தாழ 16.3 ஜூல். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தில் ஒரு சதவீதப் பிழை ஆற்றலில் இரண்டு சதவீதம். 0.53 கிராம் குண்டு உண்மையில் 246 மீட்டரில் சென்றால் 16.0 ஜூல். ஒரு சதவீதம் கூட்டிக் காட்டும் கருவியில் அது 248.5 மீட்டர், 16.4 ஜூல். சட்டத்துக்கு உட்பட்டவர் கருவியின் பிழையால் குற்றவாளியாகத் தோன்றுவார். சரிபார்க்கப்படாத ஒரு கருவியின் எண்ணைச் சாட்சியமாக ஏற்பது அநீதி என்றே கருதுகிறேன்.

அண்மைக்கால டாப்ளர் ராடார் கருவிகள் ஒளியின் தொல்லையை நீக்கிவிட்டன. 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் 850 மீட்டர் வேகத் தோட்டா எழுப்பும் அலைவெண் மாற்றம் சுமார் 136 கிலோஹெர்ட்ஸ். அதை நன்றாகவே அளக்க முடியும். குழலுக்குப் பக்கத்தில் நிற்பதால் வரும் கோணப் பிழை சிறிது, கணக்கிட்டு நீக்கத்தக்கது. ராடாரின் பெரிய பலம் வேறு. தோட்டா பறக்கும் வழியெங்கும் பல புள்ளிகளில் வேகத்தை எடுத்து, அவற்றின் வழியே ஒரு கோடு வரைந்து, முகவாய்வரை பின்னோக்கி நீட்டுகிறது. புள்ளிகள் கோட்டைவிட்டு எவ்வளவு விலகுகின்றன என்பதே அந்த அளவீட்டின் தன்சோதனை. அப்புள்ளிகளைத் திறந்து காட்டும் கருவி ஆய்வுக்கு உகந்தது. இறுதி எண்ணை மட்டும் தரும் ராடாரை வைத்திருப்பவர், அதே தோட்டாவின் வழியில் ஓர் ஒளியுணரிக் கருவியையும் நிறுத்தி, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்க்க வேண்டியிருக்கும்.