கித்தாரும் திருச்சபையும்: ரிச்சி ஃபியூரே

1966. லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் சாலையில் போக்குவரத்து நெரிசல். வேனில் இருந்த பாடகர்கள் ரிச்சி ஃபியூரேயும் ஸ்டீபன் ஸ்டில்ஸும், எதிர்ச்சாரியில் கனடாவின் ஒன்டாரியோ எண் பலகையோடு ஒரு சவ ஊர்தியைப் பார்த்தார்கள். சவ ஊர்தியில் ஊர் சுற்றும் கனடாக்காரர், அவர்கள் முன்பே அறிந்திருந்த பாடகர் நீல் யங்கைத் தவிர வேறு யார்? வண்டியைத் திருப்பித் துரத்திப் பிடித்தார்கள். அந்தச் சந்திப்பில்தான் ‘பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்’ என்ற நாட்டுப்புற ராக் குழு உருவானது.

மூன்று ஆல்பங்களோடு 1968இல் குழு கலைந்தது.

அடுத்து ஃபியூரே ஜிம் மெஸ்ஸினாவோடு தொடங்கிய ‘போகோ’ குழுவுக்குப் பாராட்டுக்குக் குறைவில்லை, விற்பனைதான் எடுபடவில்லை. அதன் பேஸ் கித்தார் கலைஞர்கள் இருவர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த ‘ஈகிள்ஸ்’ குழுவோ உலகப் புகழ் பெற்றது. ஃபியூரே நொந்துபோயிருந்தால் வியப்பில்லை. 1973இல் போகோவிலிருந்து விலகினார்.

புதிதாக அமைந்த சவுதர்-ஹில்மன்-ஃபியூரே குழுவில் ஸ்டீல் கித்தார் வாசித்தவர் ஆல் பெர்கின்ஸ், விசுவாசத்தில் ஊறிய கிறிஸ்தவர். அவரைச் சேர்ப்பதில் முதலில் தயங்கியவர் ஃபியூரேதான். ஆனால் மணவாழ்க்கை ஆட்டம் கண்டிருந்த 1974இல், அதே பெர்கின்ஸ் வழியாகவே அவர் கிறிஸ்துவை ஏற்றார். 1976இல் வந்த தனி ஆல்பத்தில் அந்த விசுவாசம் வெளிப்படையாக ஒலித்தது.

1983இல் கொலராடோவின் புரூம்ஃபீல்டில் கால்வரி சேப்பல் சபைக்குப் போதகரானார். 1989இல் பழைய போகோ கூட்டணி மறுபடி சேர்ந்தபோது, சில பாடல் வரிகள் மனசாட்சிக்கு ஒவ்வாமல் ஒதுங்கினார். ஆனாலும் 2011இல் யங், ஸ்டில்ஸ் இருவரோடும் மீண்டும் மேடை ஏறிப் பாடினார்.